பண்ணைக்குட்டையில் ஆமை வெயில் காயவும் தவளை கரையேறவும் இடம் அமைப்பது எப்படி

மழைக்காலத்தில் குட்டை நிரம்பியதும் ஆமையும் தவளையும் தாமாகவே வந்து சேரும். ஓடை, வாய்க்கால் வழியாக வரும். ஈரமான இரவில் வரப்பு தாண்டி நடந்தும் வரும். வந்தவை தங்கிப் பெருகுவதும், பிளாஸ்டிக் தாள் விரித்த சரிவில் ஏற முடியாமல் நீந்திக் களைத்துச் சாவதும் கரையில் நாம் செய்து வைக்கும் சில சின்ன வேலைகளைப் பொறுத்தது.

பெரும்பாலானோர் கரையோரம் ஒரு பெரிய கல்லைப் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். கார்த்திகையில் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கல் மாசியில் நீர்மட்டத்துக்கு மூன்று நான்கு அடி மேலே காய்ந்து கிடக்கும். பாசனத்துக்கு நீர் எடுக்கும் குட்டை ஒரே ஆண்டில் ஐந்தாறு அடி இறங்கிவிடும். ஆகவே எதை அமைத்தாலும் அது நீரோடு சேர்ந்து இறங்கும் மிதவையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கரை உச்சியிலிருந்து குட்டையின் அடிவரை நீளும் சாய்வாக இருக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

யாருக்கு என்ன வேண்டும்

தமிழ்நாட்டுக் குட்டைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய நன்னீர் ஆமைகள் இரண்டு. முதுகில் மூன்று வரம்பு ஓடும் கறுத்த, கெட்டியான ஓடு கொண்டது காராமை. தட்டையான, தோல் போர்த்திய மெத்தென்ற ஓடு கொண்டது பாலாமை. பின்னங்காலை உள்ளிழுத்ததும் அடியில் இரண்டு மடல்கள் மூடிக்கொள்வதை வைத்து அதை அடையாளம் காணலாம். இரண்டுமே வெளிவெப்பத்தை நம்பி வாழ்பவை. வெயிலில் உடம்பு சூடேறினால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலில் வைட்டமின் டி3 உருவாகும், அது சுண்ணாம்புச் சத்தை ஓட்டுக்கும் எலும்புக்கும் கொண்டு சேர்க்கும். ஓடு முழுதாகக் காயும்போது அதில் படிந்த பாசியும் ஒட்டியிருக்கும் அட்டைகளும் உதிரும். கடைசியாகச் சொன்ன காரணத்தால்தான் பாதி நனைந்த கல் போதாது. ஆமையின் உடம்பு மொத்தமும் நீருக்கு வெளியே வரும் அளவுக்கு உலர்ந்த பரப்பு வேண்டும்.

தவளையின் கதை வேறு. ஈரத் தோலாலும் மூச்சு விடும் உயிர் அது. நீண்ட நேரம் வெயிலில் கிடந்தால் வற்றிவிடும். அதற்கு வேண்டியது நீர்விளிம்பில் கால் ஊன்றி உட்கார ஓர் இடம், ஒரே தாவலில் ஒளிந்துகொள்ள நிழலான இடுக்கு, நீரைவிட்டு வெளியேற ஒரு வழி. ஆமைக்குச் செய்த மிதவையில் தவளையும் உட்காரும். ஆனால் மிதவையை மட்டும் போட்டுவிட்டுத் தவளைக்கும் சேர்த்துச் செய்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

எந்தக் கரை

ஆமை அதிகம் வெயில் காய்வது காலை நேரத்தில். குட்டையின் மேற்குக் கரையிலோ வடமேற்கு மூலையிலோ இடம் அமைத்தால் காலை வெயில் நேராக விழும். கிழக்குக் கரையில் அமைத்தால் அங்கே நிற்கும் தென்னையோ வேம்போ ஒன்பது, பத்து மணிவரை வெயிலை மறைத்துவிடும். மேற்குக் கரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அந்தக் கரையின் அணைப்பில் மிதவை அதிகம் ஆடாது. பல்லடம், உடுமலை, தென்காசிப் பக்கம் காற்று எப்படியிருக்கும் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அங்கே கிழக்கு ஓரத்தில் மிதவை விட்டால் அது கரையில் மோதி மோதியே உடைந்துவிடும்.

மோட்டார் கொட்டகை, மாடு தண்ணீர் குடிக்கும் துறை, துணி துவைக்கும் கல் ஆகியவற்றிலிருந்து முப்பது அடியாவது தள்ளியிருக்கட்டும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஆமை நொடியில் நீருக்குள் விழுந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து முறை அப்படி விழ நேர்ந்தால் காயவே நேரமிருக்காது, அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். விழும் இடத்தில் உடனடியாக இரண்டடி ஆழமாவது இருக்க வேண்டும். ஆழம் இல்லாத இடத்தில் நாயும் கீரியும் துரத்தி வந்து பிடித்துவிடும்.

மண் குட்டைக்குச் சாய்வுக் கட்டை

இருப்பதிலேயே எளிய, நெடுநாள் உழைக்கும் அமைப்பு இது. எங்கும் கிடைக்கிற சீமைக்கருவேலமே போதும். எடை கூடிய மரம், நீரில் சீக்கிரம் உளுத்துப்போகாது. எட்டு முதல் பத்தடி நீளம், எட்டு முதல் பத்து அங்குல விட்டம் உள்ள கட்டையாகத் தேர்ந்தெடுங்கள். கிளை பிரியும் கவட்டை இருந்தால் இன்னும் நல்லது. கவட்டையில் இரண்டு மூன்று ஆமைகள் ஒன்றையொன்று தள்ளாமல் கிடக்கும். முள்ளையெல்லாம் அடியோடு சீவிவிடுங்கள். பட்டையை மட்டும் உரிக்காதீர்கள், நகம் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான்.

கட்டையின் மேல்நுனி கரையில், கீழ்நுனி நீருக்குள் இருக்கும்படி கிடத்த வேண்டும். இங்கே கோணம் முக்கியம். 30 டிகிரிக்கு மேல் செங்குத்தானால் பெரிய ஆமை சறுக்கும், குஞ்சு ஏறவே ஏறாது. உங்கள் கரை ஒன்றுக்கு ஒன்று சரிவில் வெட்டப்பட்டிருந்தால், அதாவது ஓரடி ஆழத்துக்கு ஓரடிதான் விரிவு என்றால், சரிவு 45 டிகிரி. அதில் கட்டையை நேர் கீழாக வைக்காமல் சரிவுக்குக் குறுக்காக, மூலைவாட்டத்தில் கிடத்துங்கள். சரிபாதிக் கோணத்தில் சாய்த்தால் ஏற்றம் 30 டிகிரிக்கு இறங்கிவிடும்.

ஒரே கட்டை நீர்மட்டம் போகும் தூரம் முழுவதற்கும் எட்டாது. இரண்டை அமையுங்கள்: ஒன்று மேல்பாதிக்கு, இன்னொன்று அது முடிகிற இடத்துக்கு இரண்டடி மேலேயே தொடங்கி அடிவரை. கீழ்க்கட்டையைக் குட்டை வற்றியிருக்கும் வைகாசியில் பதிப்பது சுலபம். இரு நுனியிலும் கட்டைக்கு இரு பக்கமும் சவுக்குக் கம்பை இரண்டடி ஆழம் அடித்து, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மேல்நுனியை மட்டும் கட்டினால் போதும் என்று விட்டால், உலர்ந்த கட்டை நீர் ஏறும்போது மிதந்து திரும்பிக்கொள்ளும். கட்டைக்கும் கரைக்கும் நடுவே உள்ள பொந்துகளைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிடுங்கள். அந்த இடுக்கில் நீருக்கடியில் நுழையும் ஆமை திரும்ப முடியாமல் சிக்கி மூச்சடைத்துச் சாகும்.

மிதவை

கரையில் நாய்த்தொல்லை இருக்கும் இடத்துக்கும் நீர்மட்டம் வேகமாக மாறும் குட்டைக்கும் மிதவைதான் சரி. மூங்கிலை மட்டும் கட்டியும் செய்யலாம். உள்ளே பொந்துள்ள முள்மூங்கில் நன்றாக மிதக்கும்; கல்மூங்கில் கனம், அமிழும். எப்படியும் ஓரிரு ஆண்டில் மூங்கில் வெடித்து நீர் குடித்துவிடும் என்பதால், மிதப்புக்கு பிவிசி குழாயும் தளத்துக்கு மூங்கிலும் சேர்த்துச் செய்வது நிலைத்து நிற்கும்.

தேவையானவை: 110 மி.மீ. பிவிசி குழாய் இருபதடி நீளத்தில் ஒன்று, அதே அளவில் எல்போ நான்கு, மூடி இரண்டு, குழாய் ஒட்டும் சொல்யூஷன், பிளந்த மூங்கில், தென்னைநார் விரிப்பு, தென்னைநார்க் கயிறு, கட்டுவதற்கு நைலான் கயிறு.

குழாயில் 120 செ.மீ. துண்டு மூன்றும் 80 செ.மீ. துண்டு இரண்டும் வெட்டுங்கள். இரண்டு நீளத் துண்டையும் இரண்டு குட்டைத் துண்டையும் எல்போ வைத்துச் செவ்வகமாக ஒட்டுங்கள். மூன்றாவது நீளத் துண்டுக்கு இருபுறமும் மூடி போட்டு, சட்டத்துக்கு நடுவே கட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைக் குழாயிலும் எல்போவிலும் தடவி, ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள். தொட்டியில் வைத்து நீருக்கடியில் அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த இணைப்பை அப்போதே சரிசெய்ய வேண்டும், குட்டையில் விட்டபின் முடியாது. குழாயில் எங்கேயும் துளை போடாதீர்கள், எல்லாவற்றையும் கயிற்றால்தான் கட்ட வேண்டும்.

இந்த அளவுக் குழாய் ஒரு மீட்டருக்கு ஒன்பது லிட்டருக்குச் சற்று மேல் நீரை விலக்கும். ஐந்து மீட்டருக்கும் மேல் குழாய் இருப்பதால், குழாயின் சொந்த எடையும் நனைந்த மூங்கிலும் நாரும் போக இருபது கிலோ வரை தாங்கும். நாலைந்து பெரிய ஆமைகள் ஒரே ஓரத்தில் ஏறினாலும் கவிழாது.

மேலே மூங்கில் பிளாச்சுகளை நெருக்கி அடுக்கிக் கட்டுங்கள். பிளாச்சின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும்; அரிவாளால் மழித்துவிட்டுப் பிறகு கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டவே வேண்டாம். முறுக்கிவிட்ட கம்பி நுனி ஆறே மாதத்தில் துருத்திக்கொண்டு நிற்கும், பாலாமையின் அடிவயிற்றைப் போர்த்தியிருப்பது மெல்லிய தோல்தான், அதில் கிழித்தால் புண் அழுகும். நைலான் கயிற்றைக் கட்டி நுனியைத் தீயில் சுட்டு மழுக்குங்கள். தளத்தின் மேல் தென்னைநார் விரிப்பைப் போர்த்தி, பக்கவாட்டில் தெரியும் குழாயையும் நார்க்கயிற்றால் நெருக்கிச் சுற்றுங்கள். வழவழப்பான குழாய் வளைவில் எந்த ஆமையாலும் ஏற முடியாது. நார் வெயிலையும் மறைப்பதால் குழாயும் சீக்கிரம் நொறுங்காது.

மிதவை வீணாவதற்கு முதல் காரணம் ஏறுபாதை இல்லாததுதான். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் மூங்கில் தட்டி ஒன்றை முடைந்து, மேல்விளிம்பைத் தளத்தோடு கயிற்றுக் கீல் போலத் தளர்வாகக் கட்டுங்கள். கீழ்விளிம்பில் கைப்பிடி அளவுக் கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் அது நீருக்குள் ஓர் அரையடி அமிழ்ந்து நிற்கும். தளம் நீரிலிருந்து ஏழு செ.மீ. உயரத்தில் இருந்தால் ஏற்றம் இருபது டிகிரியை ஒட்டி வரும், விரலளவுக் குஞ்சுகூட ஏறிவிடும். தட்டியின் கீழ்விளிம்பு நீரின் மேல்மட்டத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. ஆமை நீந்தி வரும்போது நெஞ்சு தட்டியின் மேல் உரசினால்தான் முன்னங்காலை ஊன்றும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டி வையுங்கள், ஒரு பெரிய ஆமை வழியை மறித்துக் கிடந்தால் மற்றவை அடுத்த பக்கம் ஏறும்.

நங்கூரத்துக்கு இரட்டைச் சாக்கில் நிரப்பிய மணல் மூட்டை இரண்டு, எதிரெதிர் மூலையில். கயிற்றின் நீளம் நிறைநீர் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு. எட்டடிக் குட்டைக்குப் பன்னிரண்டடி. நீர் இறங்கும்போது தொங்கும் கயிறு வளையமாகச் சுருண்டு ஆமையின் கழுத்தில் மாட்டாமல் இருக்க, கயிற்றின் நடுவில் அரைக்கிலோ கல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். தளர்ந்த பகுதி அடியில் படிந்துகொள்ளும். கரையிலிருந்து பத்தடிக்குக் குறையாமல் மிதவை நிற்கட்டும்.

முப்பதுக்கு முப்பது மீட்டர் குட்டைக்கு ஒரு மிதவையும் இரண்டு இடத்தில் சாய்வுக் கட்டையும் போதுமானது.

பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டை

அதிகம் சாவு நடப்பது இங்கேதான். நீர் கசியாமலிருக்க 500 மைக்ரான் தாள் விரித்த குட்டையில், தாளின் மேல் பாசி படிந்ததும் சரிவு முழுக்க எண்ணெய் தடவியது போலாகிவிடும். ஆமை, பெரிய தவளை, தேரை, பாம்பு, ஆட்டுக்குட்டி எது விழுந்தாலும் ஏற முடியாது. விரலில் ஒட்டுப்பட்டை உள்ள மரத்தவளை மட்டும்தான் தப்பும். தாள் விரிக்கும் அன்றைக்கே ஏறுபாதையையும் அமைப்பதுதான் சரி. ஏற்கெனவே விரித்த குட்டையிலும் ஒரே நாளில் அமைத்துவிடலாம்.

நெருக்கமாக நெய்த தென்னைநார் விரிப்பு ஒரு மீட்டர் அகலத்தில் வாங்குங்கள். நீளத்தைக் கணக்கிட: இரண்டு மீட்டர் ஆழம், ஒன்றுக்கு ஒன்றரை சரிவு என்றால் சரிவின் நீளம் 3.6 மீட்டர். அதோடு மேலே புதைக்க ஒரு மீட்டரும் அடியில் கிடக்க அரை மீட்டரும் சேர்த்தால் ஐந்து மீட்டருக்கு மேல். மூன்று மீட்டர் ஆழக் குட்டையானால் ஏழு மீட்டர் தேவைப்படும். விரிப்பின் மேல் ஒவ்வொரு சாணுக்கும் பெருவிரல் பருமன் நார்க்கயிற்றைக் குறுக்கே வைத்துத் தைத்துவிடுங்கள், படிக்கட்டு போல. 34 டிகிரிச் சரிவில் ஆமை ஏறுவது அந்தக் குறுக்குக் கயிற்றின் பிடிமானத்தால்தான். கரை உச்சியில், தாளைப் புதைத்த பள்ளத்துக்கு வெளியே ஓரடிக்கு ஓரடி பள்ளம் வெட்டி விரிப்பின் நுனியை மடித்துப் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். அடிநுனியில் மணல் மூட்டை இரண்டு. தாளின் மேல் கல்லோ கம்போ ஆணியோ படக்கூடாது, ஒரு துளை போதும் குட்டை காலியாக.

நான்கு மூலையிலும் ஒவ்வொன்று போட வேண்டும். விழுந்த விலங்கு கரையோரமாகவே நீந்தி மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். நடுக்கரையில் போட்ட பாதையை அது தாண்டிப் போய்விடலாம், மூலையைத் தாண்டாது.

செலவு மிச்சம் என்று பழைய மீன்வலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நைலான் கண்ணியில் ஆமையின் கழுத்தும் பாம்பின் உடலும் மாட்டினால் விடுபடவே முடியாது. தேய்ந்த டயர் அடுக்குவதும் நல்லதல்ல, ரப்பரிலிருந்து நீரில் கசியும் ரசாயனங்கள் தலைப்பிரட்டைக்கு ஆகாது. பூச்சிமருந்து இருந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் மிதவைக்குப் பயன்படுத்தக் கூடாது. கரையான் வராமலிருக்கக் கழிவு ஆயில் பூசிய கம்பும் அப்படியே. தெர்மகோல் உதிர்ந்து குட்டை முழுக்க மிதக்கும், மீனும் ஆமையும் அதைத் தின்னும்.

சிமெண்ட் தொட்டி, உறைகிணறு இவற்றுக்கும் இதே நார் விரிப்பை விளிம்பிலிருந்து அடிவரை தொங்கவிடலாம். சிறிய தொட்டியில் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தாலே போதும்.

தவளைக்கு ஒரு விளிம்பு

மண் குட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் ஐந்தடிக்கு ஓரடி என்ற மெல்லிய சரிவாக வெட்டிவிடுங்கள். பத்தடி அகலம் கிடைத்தால் நல்லது. அதன்மேல் அரையடி முதல் ஓரடி வரையுள்ள கற்களை, இடையில் இரண்டு விரல் நுழையும் இடுக்கு விட்டு, மேலிருந்து கீழாக ஒரு பட்டையாகப் பரப்புங்கள். குட்டையைச் சுற்றி ஒரே மட்டத்தில் மாலை போல அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், நீர் ஓரடி இறங்கியதும் தவளைக்கு உதவாது. கல்லுக்கு நடுவே கோரையும் வல்லாரையும் நட்டால் நிழலும் ஈரமும் நிற்கும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தலைகாட்டினால் அன்றே பிடுங்கிவிடுங்கள். விட்டால் வெயில் விழும் நீர்ப்பரப்பே மிஞ்சாது.

குட்டையில் ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தால் தலைப்பிரட்டை மிஞ்சாது. பக்கத்திலேயே ஆறடி நீளம், நாலடி அகலம், ஓரடி ஆழத்தில் தனியாக ஒரு பள்ளம் வெட்டிவிடுங்கள். மழைநீர் நின்று, சில வாரம் கழித்துத் தானாக வற்றும் பள்ளமாக இருக்கட்டும். வற்றுவதால் மீன் தங்காது. அதைச் சிமெண்ட் பூசிக் கட்ட நினைத்தால், பூச்சு ஆறிய பிறகு நீர் நிரப்பி வைத்து, வாரம் ஒருமுறை மாற்றி, மூன்று வாரமாவது ஊறவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். புதுச் சிமெண்டின் காரம் தலைப்பிரட்டையைக் கொன்றுவிடும்.

நீர் மேல் தாழ்ந்து நிற்கும் கிளை ஒன்றிருந்தால் வெட்ட வேண்டாம். மரத்தவளை அதில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் நேரே கீழே நீரில் சொட்டும். வெள்ளை நுரையைப் பார்த்து ஏதோ பூச்சி என்று மருந்தடிப்பவர்கள் உண்டு.

கவனிப்பும் தூர்வாரலும்

நார் விரிப்பு நீரும் காற்றும் மாறி மாறிப் படும் மட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன் இழுத்துப் பாருங்கள். கையோடு பிய்ந்தால் அதன்மேலேயே புதியதை விரித்துவிடலாம். மிதவையின் முடிச்சுகளையும் அப்போதே பாருங்கள்.

ஆமை ஏறுகிறதா என்று அறியக் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் தூரத்தில் நின்று பாருங்கள். அப்போது காணவில்லை என்றால் நாரில் நகக்கீறல், உலர்ந்த சேற்றுத் தடம், எச்சம் தெரிகிறதா என்று தேடுங்கள். ஓரிரு மாதம் ஆகியும் தடயமே இல்லையென்றால் பெரும்பாலும் ஏறுபாதையின் கீழ்விளிம்பு நீருக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் மர நிழல் காலை வெயிலை மறைத்திருக்கும்.

கோடையில் குட்டை வற்றும்போது பாலாமை சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை கிடக்கும். அந்த நேரத்தில்தான் ஜேசிபி வந்து தூர்வாரும். ஒரு மூலையில் கால்பங்கு சேற்றைத் தொடாமல் விடுங்கள், அடுத்த ஆண்டு அந்த மூலையை வாரி வேறு மூலையை விடலாம். கரையில், நிறைநீர் மட்டத்துக்கு மேலே, ஆறடிக்கு ஆறடி இடத்தை மணல் கலந்த பொலபொலப்பான மண்ணாக விட்டால் ஆமை குழி பறித்து முட்டையிட இடமிருக்கும். அங்கே உழவோ குப்பை எரிப்போ வேண்டாம்.

சேற்றிலோ கிணற்றிலோ ஆமை அகப்பட்டால் ஓட்டின் பின்விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். பாலாமையின் கழுத்து எதிர்பாராத நீளம் வரை நீளும், பக்கவாட்டில் பிடித்தால் கடித்துவிடும். அருகிலிருக்கும் நீர்நிலையில் விட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; ஆமையின் மேல் சால்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

கடையில் வாங்கி வளர்த்துச் சலித்துப்போன சிவப்புக்காது ஆமையை இப்படி அமைத்த குட்டையில் கொண்டுவந்து விடும் பழக்கமும் இருக்கிறது. அது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி ஆமை, உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருப்பது. வெயில் காயும் இடத்தையும் இரையையும் அது பிடித்துக்கொண்டால் காராமைக்கு மிஞ்சுவது குறைவு. யாராவது கேட்டு வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.